கேள்வித்தாளில் ஏறிய தோணி

1973 மே 7, திங்கள்

எங்கள் கல்லூரியில் பி.யு.சி. நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலத் தாள் போடும் கூட்டம். துறைத்தலைவர் பொன்னுதுரை வழக்கம்போல ஐம்பது சொற்களோடு வந்தார். முதல் சொல் ‘ஆப்ஸ்ட்ரெபரஸ்’. இத்தனை வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறேன், அதை ஒரு நாளும் என் வாயால் சொன்னதில்லை. பிள்ளைகள் டுடோரியலில் உருப்போட்டு வந்து கக்கிவிட்டு, வாசல் தாண்டுமுன் மறந்துவிடும்.

“சொல்லைத் தனியா நிறுத்திக் கேக்காதீங்க சார். ஒரு பத்தியில வச்சுக் கேப்போம். வாசிச்சுப் புரியுதான்னு பாப்போம்” என்றேன்.

“சொல்லே தெரியாதவன் காலேஜுக்கு எதுக்கு வாரான்?” என்றார்.

முதல்வர் என்னைக் காட்டி, “இந்த வருஷம் ஜெபகனி போட்டுப் பாக்கட்டும்” என்றதும் பொன்னுதுரை முகம் சுண்டிப்போயிற்று.

மே 13

பத்தி எழுதிவிட்டேன். கொழும்புக்குப் போகும் தோணி புயலில் சிக்கித் தாழ்கிறது. பாரம் குறைய மாலுமிகள் உப்பு மூட்டைகளை ‘ஜெட்டிசன்’ செய்கிறார்கள். தோணி நிமிர்கிறது. அவர்கள் செய்தது என்ன? — அந்தச் சொல் முன்பே தெரிய வேண்டியதில்லை. வாசித்தால் போதும்.

ஜூன் 11

திருத்தி முடித்தோம். கீழவைப்பாரிலிருந்து வந்த மெட்டில்டா எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாள். அப்பா பாஸ்கல், தோணியில் மாலுமியாகப் போகிறவர். இடம் கிடைக்காவிட்டால் இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்க அனுப்பப்போவதாக அவள் அம்மா என்னிடமே சொன்னாள்.

என் அண்ணன் மகள் தேவகனியோ, மாலுமிகள் ஜெபம் செய்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறாள். நாசரேத்து ஊரில் சபையில் வளர்ந்த பிள்ளை. புயலில் கப்பற்காரர்கள் சரக்கைக் கடலில் எறிகிற பைபிள் வசனத்தை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். கேட்டால், “அது வசனம்லா அத்தை. இது இங்கிலீஷ்” என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூன் 13

சீ.

தாள் கசிந்துவிட்டதாம். இல்லாவிட்டால் கடற்கரைப் பிள்ளைகள் இத்தனை பேர் எப்படித் தேறுவார்கள் என்கிறார் பொன்னுதுரை. மெட்டில்டாவை வரவழைத்து, நடுவில் நிற்கவைத்து விசாரணை.

“ஜெட்டிசன்னா என்ன?”

“தெரியாது சார்.”

“அப்ப எப்படி எழுதின?”

“முதல்ல தோணி தாழுதுன்னு போட்டிருந்துச்சு. பொறவு நிமிருதுன்னு இருந்துச்சு. அப்ப மூட்டையக் கடல்ல தள்ளிருப்பாங்கன்னு எழுதினேன்.”

இதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு தேர்வு கேட்க வேண்டியது இதைத்தானே? அவரோ முதல்வர் பக்கம் திரும்பி, “சொல் தெரியாதுன்னு அவளே ஒத்துக்கிட்டா, பாத்தீங்களா” என்றார். முதல்வர் தலையாட்டினார். நான் கத்தினேன். “உங்க அண்ணன் மகளும் எழுதியிருக்கா, நீங்க பேசாம இருக்கதுதான் நல்லது” என்று வாயை அடைத்துவிட்டார்கள். அவள் தோற்றிருக்கிறாளே, அதை யார் பார்த்தார்கள்?

மறுதேர்வு. மறுபடி ஐம்பது சொல். படித்தவனுகளாம். த்தூ.

ஜூன் 14

அண்ணன் வந்திருந்தான். “நல்லதாப் போச்சு ஏளா. எம்பிள்ளை இனி தேறிரும்.”

ஜூன் 25

மறுதேர்வுக்கு மெட்டில்டாவும் வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

ஜூன் 30

மெட்டில்டா, தேவகனி இரண்டு பேருக்குமே இடம் கிடைத்துவிட்டது. மெட்டில்டா ஒரு சொல்லைக்கூடத் தப்பவிடவில்லை. எப்படி என்று கேட்டேன்.

“டுடோரியல் கைடு இரவல் வாங்கி, கோயில்ல ஞானோபதேசம் ஒப்பிக்க மாதிரி உருப்போட்டுட்டேன் மிஸ். யோசிச்சாத்தான் தப்பு வருது.”

இறால் கம்பெனி இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஜூலை 9

முதல் வகுப்பு. பாடத்தில் தெரியாத சொல் ஒன்று வந்தது. முன்னும் பின்னும் வாசித்துப் பார்த்து, என்னவாக இருக்கும் என்று சொல்லச் சொன்னேன். மெட்டில்டாவைப் பார்த்தேன். எழுந்தாள். நோட்டு விரிந்திருந்தது, பேனா கையில் இருந்தது.

“அர்த்தத்த நீங்களே சொல்லிருங்க மிஸ். எழுதிக்கிடுதோம்.”

சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.