தாம்பூலப் பை

டில்லியில் இருக்கும் உங்களுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. தண்ணீர் மோட்டாரைச் சரி செய்தாயிற்று.

ஞாயிறு மாலை நம் ஃப்ளாட் மொட்டை மாடியில், துணிக்கொடியில் வெள்ளை வேட்டி கட்டி ஓர் ஆவணப்படம் போட்டார்கள். உங்கள் சர்வதேச வங்கி கடன் கொடுத்த அணையால் மூழ்கிப்போன கிராமத்தைப் பற்றியது. வங்கியைத் திட்டுவார்கள் என்று தெரிந்தேதான் போனேன். "எனக்கு ஃபைல்தான் வரும், அந்த ஊரைக் கண்ணால பார்த்ததில்லை" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்!

படத்தில் ஒரு பெண் தன் வீட்டுப் பட்டாவை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்தாள். பையில் சிவப்பு எழுத்தில் நம் பெண் நீரஜாவின் பெயர், மாப்பிள்ளை பெயர், மயிலாப்பூர் மண்டபத்தின் பெயர். "பேங்க் சார் குடுத்தாரு. எம் பொண்ணு கல்யாணத் தேங்கான்னாரு. ஊருக்கு ஒண்ணும் ஆவாது, கையெழுத்துப் போடுங்கன்னாரு" என்றாள்.

"ஏம்மா, நம்ம நீரஜா கல்யாணத்துல குடுத்த பைன்னா இது!" என்றார் பின்னாலிருந்த எதிர்வீட்டுச் சந்திரமௌலி மாமா.

"மஞ்சப் பை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் மாமா" என்றேன். பெயரோ திரையில் ஓராள் உயரத்துக்குத் தெரிந்தது.

கல்யாணத்தில் மீந்த பைகளை ஆபீஸில் கொடுப்பதாகச் சொல்லித்தானே எடுத்துப் போனீர்கள்? இன்னும் எந்தெந்த ஊரில் நம் பெண்ணின் பெயர் ஆணியில் தொங்குகிறது?

அந்தப் பெண் வருகிற ஞாயிறு இங்கே பேச வருகிறாள். தங்க இடம் தேடினார்கள். நம் வீட்டில் தங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் வாருங்கள். கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும். உங்களைக் கண்டதும் அவள் முகம் என்ன ஆகிறது என்று நான் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பையில் பெயருள்ளவளின் அம்மா