வேலிக்கு மேலாக வந்த உப்பு முடிச்சு

லாபிஸ், மலாயா, 14 மார்ச் 1934, புதன்

இன்று மாலை பக்கத்து வீட்டுப் பாக்கியம் வேலிக்கு மேலாக ஒரு உப்பு முடிச்சை நீட்டினாள்.

"அண்ணைக்கு அடிவயித்து நோ திரும்ப வந்திட்டுதாம். சுடச்சுட ஒத்தடம் குடுங்கோ அக்கா. ஞாயிற்றுக்கிழமை பாரம் தூக்க விடாதேங்கோ."

என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு நோ இருப்பதே எனக்குத் தெரியாது. போன மாதம் இரும்புப் பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கியபோது பிடித்ததாம். இது மூன்றாம் முறையாம். இருபது வருடம் அவரோடு வாழ்கிறவள் நான். முடிச்சோ அவள் கையில்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவரைக் கேட்டேன்.

"உமக்குச் சொன்னால் ஞாயிறு சங்க விழாவில பாரம் தூக்க விடமாட்டீர். கொல்லையில நான் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு குந்தினதை அந்தப் பிள்ளை கண்டிட்டுது."

பிள்ளையாம். முப்பத்தைந்து வயது.

"ஆர் விடாதது? தூக்குங்கோ," என்றேன். அவள் வேண்டாம் என்றதற்காகவே அப்படிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அவளுடைய முடிச்சை எறிந்துவிட்டு, வேறு உப்பு வறுத்து நானே ஒத்தடம் கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவு வீக்கம் கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் உள்ளே போகிறது, இருமினால் திரும்ப வருகிறது. டாக்டரிடம் காட்ட வேண்டும். ஞாயிறு தூக்கவே கூடாது.

காலையில் சொல்லிவிடுவேன். "பாக்கியமும் அதைத்தான் சொன்னது," என்பார்.