இரண்டு மையில் எழுதிய விடைத்தாள்

பீரோவில் ரேஷன் கார்டைத் தேடும்போது ஓட்டை போட்ட அந்தப் பழுப்பு அட்டை கையில் தட்டுப்பட்டது. விடைத்தாளின் மேல் இதை வைத்து, ஓட்டைகளுக்குள் தெரியும் குறிகளை எண்ணினால் ஒருவருடைய குணம் எண்ணாகிவிடும். தைரியத்துக்கு ஓர் அட்டை, பொறுமைக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. இது, பதில்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு. உங்கள் தாளின் மேல் கடைசியாக வைத்தது இதைத்தான். நீங்கள் இறந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத எனக்கு உரிமை உண்டா என்றுகூடத் தெரியவில்லை.

இருபத்தாறு வருடம் கல்லூரியில் உளவியல் நடத்தினேன். மனிதனுக்கு உயரம், எடை இருப்பதுபோல அவன் குணங்களுக்கும் அளவு உண்டு, எங்கே போனாலும் அது அவனோடு போகும் என்பது பாடம். அந்தக் கொள்கையின் குறைபாடுகளையும் நடத்துவேன். ஆண்டின் கடைசி வாரத்தில், ஒரே வகுப்பில். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு வரும். அதற்குமேல் நான் அவற்றை நினைத்துப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உங்கள் மில் மேனேஜர் என்னை அழைத்தார். என் பழைய மாணவர். மிசின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்களில் ஒருவரை சூப்பர்வைசராக உயர்த்த வேண்டும், குணத்தை அளந்து சொல்லுங்கள் என்றார். நூற்றிருபது கேள்விகளை நானே தமிழாக்கினேன். பதினோரு பேர் கேன்டீனில் என் கண்முன்னே எழுதினார்கள். நீங்கள் மட்டும் வரவில்லை. மிசின் ஒன்று நின்றுபோய் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். தாளை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஒரே தெருக்காரர், தினமும் மாலையில் என்னோடு பேக்கரியில் டீ குடிப்பவர் என்று கொடுத்துவிட்டேன்.

மறுநாள் தாள் வந்தது. பாதி நீல மை, பாதி கறுப்பு. எளிதில் கோபம் வராது என்பதற்கு ஆம். சட்டென்று கோபப்படுவேன் என்பதற்கும் ஆம். மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு, மாலை பேக்கரியில் கேட்டேன்.

"என்னயப் பத்தி நானே எழுதுனா நல்லாவா இருக்குமுங்க சார்?" என்றீர்கள். "அதானுங்க, பாதிய எங்கூட்டு அம்மணி எழுதுச்சு. மீதிய ஷிப்ட்டுல பசங்ககிட்டக் குடுத்துப்போட்டேன்."

"கோவம் வராதுன்னு எழுதுனது யாருங்க?"

"அம்மணிதானுங்க. ஊட்ல நான் வாயத் தொறந்தாத்தானே கோவம் வரும்."

டீ மாஸ்டர் சிரித்தார். "மில்லுல இவரு போடற சத்தம் அன்னூருக்கே கேக்குமுங்க சார்."

"அப்ப எது நெசமுங்க?" என்றேன்.

"ரெண்டும் நெசந்தானுங்க. உங்க பேப்பர்ல எங்க வெச்சுன்னு கேக்கவே இல்லீங்களே."

அறிக்கை கொடுக்க மூன்று நாள் இருந்தது. மேனேஜரிடம் போய், இவருக்கு வேறு தாள் கொடுத்து மறுபடி எழுதச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் விதி மீறியதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் அறுபது பேர் முன்னால் என் குரல் வராந்தா வரை கேட்கும். அந்த அறுபதில் ஒருவராக இருந்த மேனேஜரைப் பார்க்க மில் கேட் வரை இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். பிறகு எழுதினேன்: 'பதில்களில் முரண். நிலையான குணம் இல்லை.'

வேறொருவர் சூப்பர்வைசர் ஆனார். "பரவால்லீங்க சார், நமக்கு மிசினே போதும்," என்றீர்கள். அதன் பிறகு ஏழு வருடம், வீங்கிய முழங்காலோடு மிசினுக்கு அடியில் குனிந்து வேலை செய்தீர்கள். மாலையில் நொண்டிக்கொண்டே டீ குடிக்க வந்தீர்கள். என்ன எழுதிக் கொடுத்தேன் என்று ஒரு மாலைகூட நான் சொல்லவில்லை.

உங்கள் கருமாதியன்று கூட்டம் கலையும்வரை காத்திருந்து, உங்கள் மனைவி என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்தப் பேப்பர்ல நான் ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டனுங்களா? அதனாலதான் அவருக்கு அந்த வேலை கெடைக்கலீங்களா?"

ஏழு வருடமாக அவர் இதைச் சுமந்திருக்கிறார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றுதான் தொடங்கினேன். அவர் நகராமல் நின்றார். அப்போது சொன்னேன்: தாளைக் கொடுத்தனுப்பியது, முரணுக்குக் காரணம் தெரிந்தும் பேசாமல் இருந்தது, கேட் வரை போய்த் திரும்பியது, எழுதிய வரி, எல்லாவற்றையும். "தப்பு உங்களுது இல்லீங்கம்மா. என்னோடது."



"உந்தப்பு இல்லைன்னு அவரும் சொன்னாருங்க. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். சாரைக் கேக்கட்டுமான்னேன். 'கேக்காத, அவரு சொல்ல மாட்டாரு. அது அவரு சுபாவம், விட்டுரு'ன்னுட்டாருங்க."

சுபாவம். எங்கே வைத்து என்று கேட்ட உங்கள் வாயிலிருந்தா அந்தச் சொல் வந்தது என்று பல நாள் யோசித்தேன். வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. அத்தனை மாலைகளில் வேறு விதமாக நினைக்க உங்களுக்கு நான் ஒரு காரணமும் தரவில்லை. ஒருமுறை வாய் திறந்ததால் நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று சொல்லவும் துணிவில்லை. தெருவில் பார்க்கும்போது உங்கள் மனைவி இப்போது நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார். அவர் முகத்தில் அந்தக் கேள்வி இல்லை. உங்கள் முகத்தைத்தான் என்னால் நினைவில்கூட நேராகப் பார்க்க முடியவில்லை.