பத்துக் கணக்கும் நாற்பத்தெட்டுக் கிலோவும்

அக்டோபர் 13, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்குச் சாதகமில்லாததையும். பளு தூக்கினால் மூளை மந்தமாகிவிடும் என்கிறார் அம்மா. கூர்மையாகும் என்று நான் படித்திருக்கிறேன். "சரி, எழுதிக் காட்டு. மந்தமாயிட்டேன்னு தெரிஞ்சா, அந்த இரும்ப தொடக் கூடாது" என்றார். ஆகவே தினமும் மாலை பத்துக் கணக்கு, கடிகாரம் வைத்து. ஞாயிறுதோறும் அம்மா நோட்டைப் பார்ப்பார்.

இன்று தூக்கினேன். பன்னிரண்டு நிமிடம், ஒரு தவறு.

அக்டோபர் 16

தூக்காத நேற்று பதின்மூன்று நிமிடம். தூக்கிய இன்று பதினொன்று! இரண்டு நாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தெரியும். ஆனாலும் சந்தோஷம்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு ஆயர் தாவாரில் உறவினர் வீட்டுக்குப் போய் முறுக்காகத் தின்றேன். எடை 50.2. ஞாயிறன்று பேராக் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. பயிற்சி தரும் நவமணி டீச்சர் 53 கிலோ பிரிவிலேயே தூக்கச் சொல்கிறார். அதில் என்னோடு பயிற்சி செய்யும் ட்ரேசி இருக்கிறாள். அவளை என்னால் வெல்ல முடியாது. 48 கிலோ பிரிவுக்கு இறங்கினால் இடம் நிச்சயம்.

நாளை கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. நானும் இருக்கிறேன் என்றேன். அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அக்டோபர் 22

பால், வாழைப்பழம். கோயிலில் அம்மா மங்களம் அத்தையிடம், "பாரேன், முருகனுக்காக சோத்தையே விட்டுட்டா" என்றார். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பதினான்கு நிமிடம்.

அக்டோபர் 24

பதினொரு நிமிடம்.

அக்டோபர் 25, சனி

மேலே இருப்பது பொய். பதினெட்டு நிமிடம், நான்கு தவறு. ஒரே வரியை மூன்று முறை வாசித்தும் தலைக்குள் போகவில்லை. நாளை அம்மா பார்ப்பாரே என்று மாற்றி எழுதினேன்.

இன்று காலை பார்பெல்லின் ஒரு முனையில் பத்துக் கிலோத் தட்டு, மறுமுனையில் ஐந்து மாட்டியிருக்கிறேன். கிளிப்பும் போடவில்லை. தூக்கியதும் சாய்ந்து, தட்டு நழுவி ட்ரேசியின் காலருகே விழுந்தது. ஒரு சாண்தான் தள்ளி.

"ஏய்! போட்டிக்கு முன்னால என் கால ஒடைக்கப் பாக்கிறியா? சாப்ட்டியா லா நீ?"

"விரதம்."

"விரதமா, வெயிட்டு கொறைக்கவா? முருகன் என்ன, தராசு வச்சிக்கிட்டா ஒக்காந்திருக்காரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் நீட்டினேன். கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பிறகு, "சாமிகிட்ட சொன்ன பொய்ய சாமி பாத்துக்கும். மங்களத்துகிட்ட நீயே போயி சொல்லு" என்றார். சோறும் பருப்பும் போட்டார். அவர் சாப்பிடவில்லை. அவருடைய விரதம் உண்மையானது.

அக்டோபர் 26

53 பிரிவு. ட்ரேசி முதலிடம். நான் நான்காவது. அணியில் இல்லை.

மங்களம் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அது பார்பெல்லைவிடக் கனம்.

அக்டோபர் 30, வியாழன்

பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்கத் தைரியமில்லை. அம்மாதான் சோற்று டப்பாவோடு காரை எடுத்தார். ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூக்கி முடித்ததும் கணக்கைப் போட்டேன். கடிகாரம் அம்மாவின் கையில். நோட்டைக் கேட்டு வாங்கி, அவரே எழுதினார்:

பத்து நிமிடம் நாற்பது வினாடி. தவறு இல்லை.

இனி நிமிடங்களை அவர்தான் எழுதுவாராம். கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் 'இனி' என்றார். அப்படியானால் தூக்குவதை நிறுத்தச் சொல்லவில்லை.

மீதியைக் காரில் எழுதலாம். டீச்சர் ஹால் விளக்குகளை அணைத்துவிட்டார்.