கறி லைனில் நின்ற பாண்டா

இன்று புதன்கிழமை. கேன்டீனுக்குள் நுழையும்போதே கோழிக் குழம்பு வாசனை. வாங்கிய துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், பழக்கதோஷத்தில் இன்னொரு துண்டுக்காகக் காத்திருந்தேன். அதைத் தள்ளிவிட நீ இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ஓசூர் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து நீ கறி தின்று நான் பார்த்ததில்லை. ஆனாலும் என்னோடு கறி லைனில்தான் நிற்பாய். துண்டு எனக்கு, ரசமும் கீரையும் உனக்கு. "கறி தின்னாதவளுக்கு இந்த லைன்ல இன்னாம்மா வேலை?" என்று சூப்பர்வைசர் ஒருநாள் மடக்கினார். நீ அசரவில்லை.

"பாண்டா தெரியுமா சார்? புலி, நாய், கரடின்னு கறி தின்ற கூட்டத்துலதான் அதையும் சேத்து வெச்சிருக்காங்க. தின்றது என்னவோ மூங்கிலு."

அன்றிலிருந்து உன் பெயரே பாண்டா.

வேலைக்குப் போகக் காவேரிப்பட்டினத்தில் கம்பெனி பஸ் ஏறியதும் போனில் விலங்குப் படம் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். என்னையும் தூங்க விடமாட்டாய். பாண்டா கரடி இனமா, ரக்கூன் இனமா என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் மல்லுக்கட்டினார்களாம். மரபணுவைப் பார்த்த பிறகுதான் கரடி என்று முடிவானதாம். "அப்போ சிவப்புப் பாண்டா?" என்றேன்.

"அது தனிக் குடும்பம்டி. பேரு ஒண்ணா இருந்தா ஒரே வூடா?"

கறியை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு மட்டும், "புடிக்கல. அதுக்கொரு கதை வேணுமா?" என்று என் வாயை அடைத்தாய்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. உன் காரியத்துக்கு நாகரசம்பட்டிக்குக் கீரைக் கடைசலைத் தூக்குவாளியில் எடுத்துப் போனேன். உங்கள் வீட்டில் கோழி இல்லாமல் படையல் இல்லை என்று தெரியும். இருந்தாலும், கடைசிச் சோற்றையும் தின்னாமல் பசியோடு நீ போய்விடக் கூடாதே.

உன் அண்ணன் வாளியைப் பார்த்தார். "எங்க வூட்டுப் பொண்ணும்மா. கறி இல்லாம படைச்சா பெரியவங்க ஒத்துக்குவாங்களா?"

"கறிய எடுக்கச் சொல்லலண்ணா. உங்க வூட்டுப் பொண்ணுதான், யாரு இல்லன்னா? பாண்டாவும் கரடிதான். ஆனா மூங்கில் வெச்சாத்தானே திங்கும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. "இந்தக் கதைய உங்கிட்டயும் சொல்லிட்டாளா?" என்றபடி வாளியை வாங்கினார். இலையின் நடுவில் கீரையை அவரே வைத்தார். கோழி ஓரத்துக்குப் போனது.

படையல் முடிந்ததும் அந்தக் கோழித் துண்டை எடுத்துவந்து என் இலையில் வைத்தார். "அவ எப்பவும் உனக்குத்தானே குடுப்பாளாம்."

அழுதுகொண்டே தின்றேனடி.

எனக்குக் கீரை ஆகாது என்று உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் புதன்கிழமைகளில் ஒரு கரண்டி கேட்டு வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றுவிடுகிறேன். என் பங்கை நான் தின்றால் போதுமா? உன் பங்கையும் யாராவது தின்ன வேண்டுமே, பாண்டா.