அடி டீசல்

மாமா,

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டும் தூங்கிய பிறகுதான் கை ஓய்ந்தது. சமையலறை மூலையில், செய்தித்தாளில் சுற்றி, நம் வேனின் பழைய டீசல் பில்டரும் பம்பும் கிடக்கின்றன. மஞ்சக்குப்பம் ஒர்க்‌ஷாப்பில் இன்று இரண்டையும் மாற்றினார்கள். கழற்றிய சாமானை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் உங்களிடமிருந்து வந்ததுதானே. தாளில் டீசல் ஊறி, வீடு முழுக்க உங்கள் சட்டை வாசனை.

ஏழு வருஷத்துக்கு முன்பும் இதே வேனுக்கு இதே இரண்டையும் மாற்றினோம். மூத்தவள் அபிக்கு அப்போது பத்து மாதம். விடிகாலையில் மூச்சிழுப்பு வந்து, நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது. உங்கள் தம்பி கடலுக்குப் போயிருந்தார். "சிதம்பரம் டாக்டராண்டயே போயிடலாம். துணிமணி எடுத்து வை, இதோ வண்டிய எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனீர்கள். நான் வேனில் எட்டிப் பார்த்தேன். டீசல் முள் சிவப்பருகே நின்றது. வழியில் நின்றுவிட்டால்? வாசலில் படகிலிருந்து வந்த டீசல் கேன் இருந்தது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கவிழ்த்துவிட்டேன், கடைசிச் சொட்டு வரை.

கடலுக்குப் போய் வந்த கேனில் மேலாகத் தெளிந்ததைத்தான் எடுப்பார்கள்; அடியில் உப்புத் தண்ணீர் தங்கும், அந்த அடி டீசல் நட்டு போல்ட்டு கழுவத்தான். நம் குப்பத்தில் பால் மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். சிதம்பரத்தில் மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்த எனக்குத் தெரியவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமி நின்றது. நீங்கள் அடியில் படுத்து, பில்டரின் திருகைத் தளர்த்தி, வடிந்ததைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்தீர்கள். மேலே டீசல், கீழே தெளிந்த தண்ணீர். அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள்.

"கேன்ல இருந்தத ஊத்துனியா?"

தலையாட்டினேன்.

"அடி வரைக்குமா?"

"ஆமாம் மாமா."

நீங்கள் திட்டவில்லை. பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, நடு ரோட்டில் கையை விரித்து நின்றீர்கள். சிதம்பரம் பஸ் கிறீச்சிட்டு நின்றது. கண்டக்டர் எட்டிக் கத்தினார், "யோவ், இன்னா நடு ரோட்டுல வெளையாட்டு?"

"கொழந்தைக்கு மூச்சு முட்டுதுய்யா. ஏத்திக்கினு போய் ஆஸ்பத்திரியாண்ட எறக்கி வுடு!"

பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே ஓடிவந்து, "பயப்படாத, நீ போ. வண்டிய நான் பாத்துக்குறேன்" என்றீர்கள். டாக்டர் வைத்த மருந்துப் புகையில் அபி ஒரு மணி நேரத்தில் கண்ணைத் திறந்தாள். நீங்கள் அன்று முழுக்க வெயிலில் அந்த வேனோடு நின்றிருக்கிறீர்கள்.

மறுநாள் உங்கள் தம்பி வந்ததும் கத்தினார். "பில்டர் போச்சு, பம்பே அரிச்சிப் போச்சு. அந்தக் கேன யாரு ஊத்துனது?" உங்கள் அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"நான்தான்டா. அவசரத்துல பாக்கல" என்றீர்கள்.

"படகு ஓட்டுற டிரைவரு நீ. உனக்கா தெரியாது?"

"தெரியாமப் போச்சு. வுடு."

பிறகு கொல்லைப்புறத்தில் என்னிடம் தனியாகச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "நீ வாயத் தொறக்காத. என்ன பத்து நாளு சிரிப்பாங்க. உன்ன ஆயுசுக்கும் சொல்லுவாங்க."

பத்து நாளில் முடியவில்லை மாமா. இருபது வருஷம் படகு இன்ஜினோடு இருந்த மனுஷனுக்குக் கரையில் 'உப்புத் தண்ணி' என்று பேர் வந்துவிட்டது. "இன்னா மாமா, டேங்க்ல மீன் எதுனா மாட்டுச்சா?" என்று கேட்பார்கள். "ஒரு கெழங்கா மீனு மாட்டுச்சு. வறுத்துத் தின்னுட்டேன்" என்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய அன்றைக்குக்கூட யாரோ அதைச் சொல்லி, அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

இன்று ஒர்க்‌ஷாப்பில் அபி மெக்கானிக்கிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "எங்க பெரியப்பா முன்ன உப்புத் தண்ணி ஊத்தி வண்டிய கெடுத்துட்டாரு." உங்கள் தம்பி சிரித்தார். எந்தப் பிள்ளைக்காக நடு ரோட்டில் நின்றீர்களோ, அந்தப் பிள்ளை வாயாலேயே. என்னால் பொறுக்க முடியவில்லை.

"பெரியப்பா ஊத்தல. நான்தான் ஊத்துனேன்" என்றேன்.

"இன்னா சொல்ற?" என்றார் அவர். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த கரித்துணியால் துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "அப்போ ஏழு வருஷமா எங்கண்ணன நானே சிரிச்சிக்கினு இருந்தேனா?" என்றார்.

அபிதான் விடவில்லை. "அப்ப பெரியப்பா பொய் சொன்னாரா?"

"ஆமாம்டி, எனக்காக."

வழியெல்லாம் யோசித்துவிட்டு, வீட்டு வாசலில் இறங்கும்போது, "நல்ல பெரியப்பா" என்றாள்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது மாமா. வீட்டில் எது உடைந்தாலும், எது கொட்டினாலும், "யார் செஞ்சது?" என்று உடனே கேட்பதில்லை. கேனைத் தெளியவிடுகிற மாதிரி கொஞ்சம் நிற்கிறேன். பயந்த சுபாவக்காரி நான். எதற்கும் முதலில் கத்துகிறவள். அந்த ஒரு இடத்தில் மட்டும் உங்கள் குரல் வந்து என்னை நிறுத்திவிடுகிறது. நீங்கள் இருந்தபோது ஒரு நன்றிகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் தம்பி சாப்பிடவில்லை. வாசலில் வேனுக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறக்காதே என்றீர்கள், திறந்துவிட்டேன். கோபமா? சீக்கிரம் பதில் போடுங்கள் மாமா.