மாற்றாமல் வைத்த சிப்பு

9 மார்ச் 1987, திங்கள்
காலையிலிருந்து மழை. சிராங்கூன் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். காலணி நனைந்தது. பத்திரிகை அலுவலகத்தில் செய்தித்தாள் திணித்துக் காய வைத்தேன்.

3.15க்கு சூசையின் போன், பொதுத் தொலைபேசியிலிருந்து. ஜூரோங் தொழிற்சாலையில் அவசர வழிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள் என்று எனக்குச் சொன்ன ஸ்டோர் சூப்பர்வைசர். செய்தி இன்னும் அச்சேறவில்லை.

"மேனேஜர் கூப்ட்டார் சார். நான் உங்ககிட்ட சொன்னதை அப்படியே சொல்றார். வரிக்கு வரி! வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட மட்டும்தானே சார் சொன்னேன்?"

என்னிடம் மட்டும்தான். நான் சனிக்கிழமை கிளமெண்டியில் என் வீட்டிலிருந்து, போன் கம்பியில் மோடம் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிய குறிப்பில் அவர் பெயர் இருந்தது. பெயரை எழுதியிருக்கக் கூடாது. முப்பது வருட நிருபர் வேலை, இது தெரியாதா.

10 மார்ச், செவ்வாய்
ஆ. (ஆசிரியர்) ஸ்டெல்லாவை உள்ளே கூப்பிட்டார். நானும் இருந்தேன். ஸ்டெல்லா எங்கள் தட்டச்சாளர். நான் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பும் தமிழைப் படித்து, தமிழில் அடித்துக் கொடுப்பவள். அவள் கணவனுக்கு அதே தொழிற்சாலை ஆபீசில் வேலை.

ஆ.: "அந்தக் குறிப்பைப் பார்த்தது நீயும் இவரும்தான். உன் வீட்டுக்காரர் அங்க இருக்கார். நான் என்ன நினைக்கிறது?"

"சூசை அண்ணன் எங்க சர்ச்சு சார். அவர் வேலைக்கு நான் உலை வைப்பேனா?"

என்னைப் பார்த்தாள். நான் ஆ.வின் நாட்காட்டியைப் பார்த்தேன். உண்மையில் நானும் அவள்தான் என்று நினைத்தேன். இங்கே எழுதிவைக்கிறேன்.

மறு உத்தரவு வரும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

12 மார்ச், வியாழன்
மழை இல்லை. புழுக்கம். ஸ்டெல்லா இல்லாததால் கம்ப்யூட்டர் அறையில் நானே உட்கார வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து யாராவது போன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்தால் நாளும் நேரமும் ஒரு வரியாக அச்சாகும் காகிதச் சுருள் ஒன்று அங்கே உண்டு. யாரும் படிப்பதில்லை. இன்று படித்தேன்.

7 மார்ச், சனி, மாலை 4.20. நான்.
8 மார்ச், ஞாயிறு, காலை 11.05.
8 மார்ச், ஞாயிறு, காலை 11.40.

ஞாயிறு அலுவலகம் பூட்டு. அந்த நேரம் நான் கேலாங்கில் அண்ணன் மகன் கல்யாணப் பந்தியில். வீட்டிலிருந்து அனுப்புகிறவன் நான் ஒருவன்தான்.

மேசை இழுப்பறையில் பழுப்பு உறை. டிசம்பரில் வந்தது. உள்ளே அலுவலக மோடம் பெட்டிக்கான ஒரு சிப்பு, பஞ்சில் குத்தியது; மோடம் செய்தவர்களின் கடிதம். இன்று முழுவதும் படித்தேன். பழைய சிப்பில் குறை இருக்கிறது. நாம் எந்த ரகசியச் சொல் வைத்தாலும், மோடம் செய்த இடத்திலேயே போட்ட எண்ணுக்கும் பெட்டி திறந்துகொள்ளும். உடனே புதிய சிப்பை மாற்றவும்.

ஏன் மாற்றவில்லை? டெக்னீஷியன் பெட்டியைக் கழற்றினால் இரண்டு நாள் ஓடாது என்றார்கள். இரண்டு நாள் நான் பஸ் ஏறி வந்து செய்தியைக் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

சிப்பு மாற்றியாச்சா என்று ஜனவரியில் ஆ. கேட்டார். "ஆச்சு" என்றேன்.

13 மார்ச், வெள்ளி
டெக்னீஷியன் ரவியை நானே வரவழைத்தேன். வேலை கால்மணி நேரம். இரண்டு நாள் எல்லாம் இல்லை.

"இத இன்னும் மாத்தலையா, அங்கிள்? பெட்டி செஞ்சவன் போட்ட ஃபேக்டரி நம்பர் எல்லாப் பெட்டிக்கும் ஒண்ணுதான் லா. ஒரு பெட்டி வாங்குனவன் எல்லாப் பெட்டியையும் திறக்கலாம்."

ஜூரோங்கில் யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். சூசையின் தொழிற்சாலைக்கும் இதே பெட்டியை அவனேதான் போட்டானாம், போன வருடம். ஞாயிறு உள்ளே வந்தது யார் என்று புரிந்தது.

செய்ய வேண்டியவை:
1. ஆ.விடம் சொல்வது
2. ஸ்டெல்லாவிடம் சொல்வது
3. சூசையிடம் சொல்வது
4. கதவுச் செய்தி, பெயரில்லாமல், வேறு இருவரிடம் உறுதி செய்து

நாலாவதைச் செய்தேன்.

5 மணிக்கு சூசை வீட்டிலிருந்து போன். அவர் மனைவி. "அந்த ஸ்டெல்லாதானே சார்? ஒரே சர்ச்சுல இருந்துக்கிட்டு. நீங்க சொல்லுங்க, அவதானே?"

"விசாரிச்சிக்கிட்டு இருக்கோம்" என்றேன். இல்லை என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை.

14 மார்ச், சனி
ஆ.விடம் சொல்லிவிட்டேன். காகிதச் சுருள், உறை, "ஆச்சு" என்றது, எல்லாம். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இது வெளிய போனா நாளைக்கு எவன் நம்மகிட்ட வாயைத் திறப்பான்? சிப்பு போட்டாச்சுல்ல? விடுங்க. அவ திங்கட்கிழமை வரட்டும், சந்தேகம் தீர்ந்துச்சுன்னு சொல்லிடுவோம். காரணம் எதுக்கு?"

தலையாட்டினேன். நிம்மதியாகக்கூட இருந்தது. மதியம் நன்றாகச் சாப்பிட்டேன், மீன்தலைக் கறி.

15 மார்ச், ஞாயிறு
புக்கிட் பாத்தோக். ஸ்டெல்லா இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே கல் பெஞ்சில் 10.30 முதல் 11.10 வரை. அவர்கள் சர்ச்சில் பூசைக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சொன்னார். காத்திருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

16 மார்ச், திங்கள்
வெயில். ஸ்டெல்லா 8.50க்கு வந்தாள். ஆ. அறை வாசலில் நின்று, "சந்தேகம் தீர்ந்துடுச்சும்மா, போய் வேலையைப் பாரு" என்றார். அவள் உட்காரவில்லை.

"எப்படித் தீர்ந்துச்சு சார்?"

ஆ. என்னைப் பார்க்கவில்லை. அறையில் ஏழு பேர். நான் எழுந்து சொன்னேன். சிப்பு, டிசம்பர், இழுப்பறை, ஞாயிறு 11.05. சூசையின் பெயரை எழுதியது நான், பெட்டியைத் திறந்து போட்டதும் நான். பிழை திருத்துபவர் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. ஆ. உள்ளே போய்விட்டார்.

ஸ்டெல்லா அழவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"எப்பத்திலேர்ந்து தெரியும் அண்ணே உங்களுக்கு?"

"வியாழக்கிழமையிலேர்ந்து."

"நேத்து பூசையில சூசை அண்ணன் பொண்டாட்டி என்னைப் பார்த்ததும் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வேற பெஞ்சுக்கு எழுந்து போனாங்க. எல்லாரும் பார்த்தாங்க. அப்ப உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

"அப்ப போனை எடுங்க. அவங்க வீட்டுக்குப் போடுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

எண்ணைச் சுழற்றினேன். சூசையின் மனைவிதான் எடுத்தார்.